கண்ணாடியில் ஒட்டிய கடல்

காசிலிங்கம் அண்ணாச்சியிடம் ஒரு படத்தைக் கொடுத்தால் அவர் முதலில் பார்ப்பது அதன் மூலைகளைத்தான். சாமி படமோ, காலமானவர் படமோ, கல்யாண ஜோடியோ, எதுவாக இருந்தாலும் மேசையில் போட்டு நாலு மூலையையும் கட்டைவிரலால் நீவுவார். மூலை மடங்கியிருக்கிறதா, கோணலா, அரை அங்குலம் வெட்டினால் தேறுமா என்பதுதான் அவருக்கு விஷயம். நடுவில் இருப்பது யார் என்று கேட்டால் மறுபடியும் குனிந்து பார்த்துத்தான் சொல்லுவார். முப்பத்தோரு வருஷத் தொழில் இப்படியே ஓடியிருக்கிறது.

அவருடைய பிரேம் கடைக்கும் என் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான் உண்டு. அந்தப் பக்கம் அவர் மரம் அறுத்தால் இந்தப் பக்கம் என் மெஷின் மேல் தூள் விழும். அதற்காகச் சண்டை போட்டே எங்களுக்குள் பழக்கமானது. என் பெயர் பேச்சிச்செல்வி, பிறந்த ஊர் ஏரல். ஆற்றங்கரையில் வளர்ந்தவளுக்குக் கடல் என்றால் மீன் வருகிற திசை, அவ்வளவுதான். வாழ்க்கைப்பட்டுத் தூத்துக்குடிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் நான் கடற்கரைக்குப் போனது பத்து தடவை இருந்தால் அதிகம். அதிலும் எட்டு தடவை விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டப் போனது.

அண்ணாச்சி இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பத்தெட்டு வயசானவர். ஒல்லி உடம்பு, காதில் பென்சில், கோபம் வந்தால் மட்டும் குரல். ஒருமுறை ஆத்தூரில் இருந்து ஒருவர் தன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தார். ஓட்டு அட்டையில் இருந்து வெட்டிய, ஸ்டாம்பு அளவுப் படம். வேறு படமே கிடையாதாம். பெரிதாக்கி மாட்டிக் கொடுக்கும் வரை நாலு நாளும் அந்தத் துண்டு அண்ணாச்சியின் சட்டைப் பையிலேயே இருந்தது, ராத்திரி வீட்டுக்கும் கூடவே போனது. “மேசை டிராயர்ல வச்சா என்ன?” என்று கேட்டேன். “ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னு சொல்லிக் குடுத்திருக்கான். எலி இழுத்துட்டுப் போச்சுன்னு நாளைக்கு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியுமாளா?” என்றார். தன் கை பட்டு ஒரு படமும் கெட்டதில்லை என்பதில் அவருக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டும் என்று நானும் விட்டுவிடுவேன், ஏனென்றால் அது உண்மை.

அவருக்கு ஒரே எதிரி உப்புக்காற்று. இந்த ஊரில் ஆணி பூத்துவிடும், கண்ணாடியின் ரசம் உரியும், படத்தில் புள்ளி விழும். அதனால் படத்துக்கு மேல் கண்ணாடியை இறுக்கி அழுத்தி, பின்னால் பலகை கொடுத்து, சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டி, விளிம்பில் மெழுகும் தேய்ப்பார். “உள்ள போன எறும்பு மூச்சு விட முடியாது” என்று வாடிக்கையாளரிடம் பெருமை அடிப்பார். உள்ளூர்க்காரர்கள் வேறு கடைக்குப் போகாததற்கு இந்த இறுக்கம்தான் காரணம்.

மாசி மாதக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஐஸ்வர்யா வந்தாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் விஜயராஜின் ஒரே மகள், இருபத்தைந்து வயது. கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்து வீட்டில் சும்மா இருக்கிறாள் என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. மார்கழி முழுக்க விடியற்காலையில் எழுந்து கடற்கரைக்குப் போய்க் குளிரில் நின்று வரைந்தவளைச் சும்மா இருப்பதாகச் சொல்ல நம் தெருவால்தான் முடியும்.

அவள் துணியைப் பிரித்து மேசையில் வைத்தது இரண்டரை அடி அகல எண்ணெய் வண்ணப் படம். அண்ணாச்சி நாலு மூலையையும் நீவினார். பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் ஒரு சுற்று திருப்பினார். அவள் மெதுவாக அதைச் சரியாக வைத்தாள்.

“இது முடிஞ்ச படமா பாப்பா, இனிமேதான் முடிக்கணுமா?”

“முடிஞ்சது அண்ணாச்சி.”

வேடிக்கை பார்க்க நானும் எட்டிப் பார்த்தேன். பெயிண்ட் அடிப்பவர் பிரஷ்ஷைத் துடைத்த சுவர் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது. அப்படியே சொல்லியும்விட்டேன். அவள் கோபப்படவில்லை. “பத்தடி தள்ளி நின்னு பாருங்கக்கா” என்றாள்.

எங்கள் கடை முன்னால் பத்தடி தள்ளினால் நடு ரோடு. ஆட்டோக்காரர்கள் திட்டத் திட்ட நானும் அண்ணாச்சியும் ரோட்டில் நின்று பார்த்தோம். அங்கிருந்து பார்த்தால் துறைமுகம் வந்துவிட்டது. பனிக்குள் தெர்மல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள், சாம்பல் நிறத்தில் கிரேன், அதன் பக்கத்தில் ஆரஞ்சுப் பொட்டாகச் சூரியன். கீழே கடல் முழுக்க ரோஸ் நிறம், அதில் ஒரு படகு. கிட்டே வந்தால் மறுபடியும் வெறும் தீற்றல். அண்ணாச்சி மூன்று தடவை ரோட்டுக்கும் மேசைக்கும் நடந்தார். தூரத்தில் நின்றால் தெரிகிற படகு, தான் கிட்டே வந்ததும் எங்கே போகிறது என்று அவருக்குப் புரியவே இல்லை.

அவள் போனில் சில படங்களைக் காட்டினாள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் நாட்டில் வரைந்தவையாம். அவற்றிலும் துறைமுகம், பனி, புகை, கிரேன், படகு.

“அங்கனயும் தெர்மலா?” என்றார் அண்ணாச்சி.

அவள் சிரித்துவிட்டாள். அந்த ஓவியர்கள் அறைக்குள் உட்கார்ந்து வரையாமல் பெயிண்ட் டியூபைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கே போனார்கள் என்றாள். வெளிச்சம் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் வரைந்தாக வேண்டும் என்பதால்தான் அந்த வேகமான தீற்றல். ஒரே இடத்தைக் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை என்று வரைவார்களாம். முடிக்காத படம் என்று அந்தக் காலத்தில் ஊரே சிரித்ததாம். “நானும் அதைத்தான கேட்டேன்” என்று அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். பிரான்ஸ்காரர்களுக்குத் தோன்றிய கேள்வி தனக்கும் தோன்றியதில் அவருக்கு ஒரு திருப்தி.

“கடல் ஏன் பாப்பா ரோஸா இருக்கு?”

“அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

“எங்கன?”

“நம்ம கடற்கரையிலதான். ஆறே கால், ஆறரைக்குப் போய்ப் பாருங்க.”

பிறகு விஷயத்துக்கு வந்தாள். சென்னையில் ஒரு கண்காட்சிக்கு இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலைக்குள் படம் அங்கே இருக்க வேண்டும், வியாழக்கிழமை ரயிலுக்குத் தன் டிக்கெட் எடுத்தாயிற்று. அப்பா அவளுக்கு ஒரு ஷிப்பிங் ஆபீஸில் வேலை பேசி வைத்திருக்கிறார். படம் கண்காட்சியில் மாட்டப்பட்டால் ஒரு வருஷம் அவளை வரைய விட வேண்டும், மாட்டப்படாவிட்டால் அந்தத் திங்கட்கிழமையே அவள் வேலையில் சேர வேண்டும் என்று அப்பாவுக்கும் மகளுக்கும் ஒப்பந்தம்.

“கண்ணாடி போட்டா நல்லதா அண்ணாச்சி?”

“இந்த ஊர்ல கண்ணாடி இல்லாத படம் ஆறு மாசத்துல பூத்துரும்.”

“அப்ப சாதாரணக் கண்ணாடி போதும். உங்களுக்குத் தெரியாததா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி கடற்கரைக்குப் போனார். கையில் ஒரு வெறும் பிரேம், கண்ணாடியும் படமும் இல்லாதது. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து அதன் வழியாகக் கடலைப் பார்த்தாராம். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, என்னால் ஊகிக்க முடிந்தது. “செல்வி, அந்தப் புள்ள பொய் சொல்லல. பத்து நிமிஷம் ரோஸாத்தான் இருந்துச்சு. பெறவு போயிட்டு” என்றார். ஐம்பத்தெட்டு வருஷமாக இது யாரைக் கேட்டு நடந்துகொண்டிருந்தது என்பது போல ஒரு முகம்.

அதற்குப் பிறகு தினமும் போனார். காலை ஒன்பதுக்கு ஷட்டரைத் தூக்கும்போதே, “அண்ணாச்சி, இன்னைக்குக் கடல் என்ன சேலை கட்டியிருந்துச்சு?” என்று கேட்பேன். ஒருநாள் பீர்க்கம்பூ. ஒருநாள் வெங்காயத் தோல். மேகம் மூடிய ஒருநாள், “ஈயம். ஒண்ணுக்கும் ஆகாது” என்று கடலையே கோபித்துக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே விஜயராஜ் வந்தார். அண்ணாச்சிக்குப் பல வருஷச் சிநேகிதர், டீ குடிக்க வருவது வழக்கம். அன்றைக்கு டீ வந்த பிறகும் குடிக்காமல் சுவரில் சாத்தியிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, இதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன். சட்டத்துக்கு மரம் வரலன்னு சொல்லிருங்க.”

“ஏம்ல?”

“ஷிப்பிங் ஆபீஸ்ல இடம் கிடைக்கது லேசா? இவ ஒரு வருஷம் படம் போட்டுட்டு வந்தா அந்த நாற்காலி காலியா இருக்குமா? நான் ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷந்தான்.” குரலைத் தணித்துச் சொன்னார். “என் கிரேனை மூணு கோடா இழுத்து வச்சிருக்கா. கேபின் எங்க? கேபிள் எங்க? அதுக்குள்ள நான் ஒருத்தன் இருக்கேன்லா?”

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பாவமாகவும் இருந்தது. அண்ணாச்சி மட்டும் அசையவில்லை. “பொருளைக் குடுத்தவ அவ. அதைப் பத்திப் பேசணும்னா அவகிட்டதான் பேசுவேன். டீ ஆறுது, குடி” என்றார்.

சனிக்கிழமை படத்துக்குச் சட்டம் போட்டார். அவள் கேட்டது சாதாரணக் கண்ணாடி. இவர் மதுரைக்குச் சொல்லி, எதிரில் நிற்பவர் முகம் விழாத உயர்ந்த ரகத்தை வரவழைத்திருந்தார். “கண்ணாடியில நம்ம மூஞ்சி தெரிஞ்சா கடல் எப்படித் தெரியும்?” என்று எனக்கு விளக்கம் வேறு. விலை வித்தியாசத்தை அவளிடம் கேட்கப் போவதில்லை என்றும் சொன்னார். வழக்கம் போல் இறுக்கி அழுத்தினார். வழக்கத்தைவிட ஒரு சுற்று அதிகமாக டேப் ஒட்டினார்.

பங்குனி பிறந்து வெயில் ஏறிவிட்டது. எங்கள் கடைகளுக்குத் தகரக் கூரை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தடுப்புக்கு அந்தப் பக்கம் காய்ந்த தோசையைக் கல்லில் இருந்து பெயர்க்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதி சரியில்லை என்று தோன்றி நான் போய்ப் பார்த்தேன்.

மேசையில் படம் கிடந்தது, பக்கத்தில் கண்ணாடி. கடலின் நடுப்பகுதி படத்தில் இல்லை. அது கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ரோஸ் பெயர்ந்த இடத்தில் கீழே பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், சில இடத்தில் வெறும் துணி. கண்ணாடிக்குள் ஈரம் மாதிரி ஏதோ மினுங்குகிறது என்று பிரித்துப் பார்த்தாராம். பால் மேல் ஆடை படிவது போல இந்தப் பெயிண்டுக்கு மேல்தோல் மட்டும்தான் காய்ந்திருந்தது, தடிப்பான இடத்தில் உள்ளே இன்னும் இளக்கம். இறுக்கிய கண்ணாடியும் தகரச் சூடும் சேர்ந்து அதை ஒட்டவைத்துவிட்டன. முப்பத்தோரு வருஷமாக அவர் கண்ணாடி போட்டதெல்லாம் காகிதப் படங்களுக்கு. காகிதம் ஒட்டாது.

அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன். “ஆட்டோ இடிச்சிட்டு, கீழ விழுந்துட்டுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. நான் சாட்சி சொல்லுதேன்.”

“உன் மெஷின்ல காப்பி கருப்பா வந்தா என்ன செய்வ?”

“வேற போட்டுக் குடுப்பேன்.”

“இதுக்கு வேற கிடையாதுளா” என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

படம் தயாரா என்று கேட்டுவரச் சொல்லி ஐஸ்வர்யா அனுப்பிய ஆள், வேறு யார், விஜயராஜேதான் அப்போது வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். விறுவிறுவென்று கிளம்பிப் போய்விட்டார். கால் மணி நேரத்தில் அரைக் கிலோ மக்ரூன் இனிப்புப் பெட்டியுடன் திரும்பி வந்தார்.

“மறக்க மாட்டேன் அண்ணாச்சி. வாயால முடியாதுன்னாலும் எனக்காகச் செஞ்சிட்டீங்க.”

“ஏலே!” என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரர் வெளியே வந்துவிட்டார். “நான் செஞ்சது தப்புதாம்ல. தெரியாத்தனம். உனக்காக நான் எதுவும் செய்யல!”

“புரியுது, புரியுது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று விஜயராஜ் கண்ணடித்தார். பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு நடந்தார்.

அப்போதுதான் இதன் முழுப் பயங்கரமும் எங்களுக்கு உறைத்தது. தள்ளிப்போடச் சொல்லி அப்பா கேட்டது ஐஸ்வர்யாவுக்கு என்றைக்காவது தெரியத்தான் போகிறது. தெரிந்தால், சிநேகிதருக்காக அண்ணாச்சி வேண்டுமென்றே படத்தைக் கெடுத்தார் என்றுதான் அவள் நினைப்பாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், நான் உட்பட. அண்ணாச்சி மக்ரூனைத் தொடவில்லை. நான் கவலையில் இரண்டு தின்றேன்.

சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தார். “பாப்பா, நாளைக்குக் காலைல ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வா. நீ படம் போட்ட இடத்துக்கு. பெயிண்டையும் எடுத்துக்க.” காரணம் கேட்டதற்கு, “நேர்ல சொல்லுதேன்” என்று வைத்துவிட்டார். விஜயராஜ் வீட்டில், அவர் முன்னால் வைத்து இதைச் சொல்ல அவருக்கு மனமில்லை.

புதன்கிழமை காலை என் ஸ்கூட்டியின் பின்னால் படத்தையும் கண்ணாடியையும் போர்வையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். அவள் எங்களுக்கு முன்னாலேயே வந்து கடற்கரைச் சுவரோரம் நின்றிருந்தாள். எங்கேயாவது கொஞ்சம் தொட்டுவிடச் சொல்லுவார் என்று நினைத்திருக்கிறாள் போல, சிரித்தபடி வந்தாள். அண்ணாச்சி போர்வையைப் பிரித்தார்.

“கண்ணாடிய அழுத்திப் போட்டேன். ஒட்டிக்கிட்டு. பிரிச்சதும் வந்துட்டு. தப்பு என்னுது.”

அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள், “நடுவுல ஒரு விரக்கடை இடைவெளி விடணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது பாப்பா.”

“எங்க அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?”

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அண்ணாச்சிக்கு அது வாயில் வரவில்லை. “தள்ளிப் போடச் சொன்னான். மாட்டேன்னுட்டேன். இது அதுக்காகச் செஞ்சதில்ல. நம்புவியோ மாட்டியோ, எனக்குச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல.”

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கையில் எடுத்தாள். சாய்த்துப் பார்த்தாள், தன் முகம் அதில் விழவில்லை. விளிம்பில் இருந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். பின்பலகையில் தொங்கிய டேப்பை விரலால் ஒவ்வொரு சுற்றாக எண்ணினாள். அவரைச் சோதிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

“நான் சாதாரணக் கண்ணாடிதான கேட்டேன்” என்றாள் கடைசியில்.

அண்ணாச்சி போர்வையை மடிக்க ஆரம்பித்தார்.

“கெடுக்கணும்னு நினைக்கவங்க யாரும் இதை வாங்கிப் போட மாட்டாங்க. நம்புதேன் அண்ணாச்சி. ஆனா படம் போச்சே.” அதைச் சொல்லிவிட்டுச் சுவரில் உட்கார்ந்து அழுதாள். நம்பியதால் அவளுக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போய்விட்டது.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி சம்பந்தமே இல்லாத ஒன்றை ஆரம்பித்தார்.

“பாப்பா, எனக்கு ஒன்பது நாளா ஒரு சந்தேகம். நீ சூரியனைத் தப்பான இடத்துல போட்டுட்டியோ?”

அவள் ஈர முகத்தோடு நிமிர்ந்தாள். “என்னது?”

“படத்துல கிரேனுக்குப் பக்கத்துல இருக்கு. இங்கன அங்க வரல. ரொம்ப இடது பக்கம் தள்ளி, அந்தத் தோணிகளுக்கு மேலதான் எந்திரிக்கி. தினமும் பாக்கேன்.”

“ஒன்பது நாளா வாரீங்களா?”

“நீதான போய்ப் பாருன்ன?”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மார்கழியில் சூரியன் வலது ஓரத்தில் எழும், தை பிறந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் நகரும் என்று விளக்கினாள். விளக்கிக்கொண்டே தோணிகள் பக்கம் திரும்பினாள். இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றும் தோணிகள் வரிசையாக நின்றன. அவற்றின் பின்னால் வானம் பீர்க்கம்பூ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

“இந்த நிறம் எவ்வளவு நேரம் நிக்கும்?” என்று கேட்டாள்.

“முந்தாநாள் பன்னெண்டு நிமிஷம். மேகம் இல்லன்னா இன்னும் ரெண்டு கூட நிக்கும். அது போனதும் வெங்காயத் தோல் நிறத்துக்கு வரும்” என்றார், ஏதோ கடலின் கணக்குப்பிள்ளை மாதிரி.

அவள் பையைத் திறந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்தாள். சுவரில் படத்தைச் சாத்தி, உரிந்து தொங்கிய பெயிண்டைச் சரசரவென்று சுரண்டித் தள்ளினாள். பாதிக் கிரேன் போனது. ஆரஞ்சுப் பொட்டு போனது. ஐயோ என்று நான் கத்தியேவிட்டேன். அவள் டியூபைப் பிதுக்கினாள். அண்ணாச்சி ஆர்வம் தாங்காமல் கிட்டே போய் எட்டிப் பார்த்தார். “கொஞ்சம் நகருங்க, வெளிச்சத்தை மறைக்கீங்க” என்று விரட்டினாள். அவர் உடனே நகர்ந்தார். வெளிச்சம் இருந்த வரை அவள் கை நிற்கவில்லை.

அன்றைக்கே சென்னைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். படத்தைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்றார்களாம். வியாழக்கிழமை காலையும் மூவரும் கடற்கரைக்குப் போனோம், அவள் மிச்சத்தை முடித்தாள். எனக்குச் சஸ்பென்ஸ் பிடிக்காது, அதனால் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். படம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது, அவர்களுக்குப் பிடித்தது, பதினாலு நாள் சுவரில் தொங்கியது. அது எப்படிப் போனது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கடற்கரையில் இருந்து திரும்பிய அந்தப் புதன்கிழமையே பதினோரு மணிக்கு அண்ணாச்சி என் கடைக்கு வந்து, “தட்கல்ல விஜயராஜுக்கு ஒரு டிக்கெட் போடு. அந்தப் புள்ள போற ரயில்ல” என்றார். நான் ஜெராக்ஸோடு ரயில் டிக்கெட்டும் எடுத்துக் கொடுப்பேன்.

“அவரு கேட்டாரா?”

“இல்ல.”

எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் மதியம் வரை படத்துக்கு ஒரு பெட்டி செய்தார். ஆழமான பலகைப் பெட்டி, படம் அடியில் திருகாணியில் நிற்கும், சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. முன்பக்கம் மட்டும் திறப்பு. மூடி போட அவருக்குப் பயமாகிவிட்டது. இரண்டு நாள் பெயிண்ட், சாமானோடு சாமானாக வைத்தால் யாருடைய முழங்கை பட்டாலும் போச்சு. சென்னை வரை ஒருவர் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அவளால் ஒற்றையாக முடியாது.

விஜயராஜிடம் டிக்கெட்டை நீட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவர் அதைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அண்ணாச்சி தனக்காக எதையும் கெடுக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது போல, முகம் கறுத்துவிட்டது.

“என்னை நம்பி எப்படி அண்ணாச்சி குடுக்கீங்க?”

“துறைமுகத்துல ஊர்ச் சரக்கையெல்லாம் உன்னை நம்பித்தான் தூக்கச் சொல்லுதான். கெடுக்கணும்னா ஒரு விரல் போதும். ரயில் ஆட்டத்துல பட்டுட்டுன்னு சொல்லிரலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா நான் குடுக்கப் போறதில்ல. அவ குடுத்தா வாங்கிக்க.”

ஸ்டேஷனில் அவள் பெட்டியை அணைத்தபடி நின்றாள். விஜயராஜ் சலவைச் சட்டையில் வந்தார், தலை குனிந்திருந்தது.

“ஐசு, நான்தான் அண்ணாச்சிகிட்ட தள்ளிப் போடச் சொன்னேன்.”

“தெரியும்ப்பா.”

“அவரு மேல தப்பில்ல.”

“அதுவும் தெரியும்.”

ரயிலில் ஏறச் சொல்லி அறிவிப்பு வந்தது. அவள் அப்பாவின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பெட்டியை நீட்டினாள். “புடிங்க. பெயிண்ட் காயல. உள்ள கை படக் கூடாது.”

அவர் இரண்டு கையையும் பேண்டில் துடைத்துவிட்டு வாங்கினார். குனிந்து உள்ளே பார்த்தார். “என் கிரேன் எங்க?”

“இங்கன.” அவள் காட்டியது ஓரத்தில் ஒரே ஒரு சாம்பல் தீற்றல்.

“முன்னாடி மூணு கோடு இருந்துச்சே.”

“இந்த மாசம் வெளிச்சம் அந்தப் பக்கம் இல்லப்பா. இவ்வளவுதான் தெரியுது.”

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். தலையைப் பின்னுக்கு இழுத்து, கையை நீட்டி, பெட்டியைத் தூரத்தில் வைத்து மறுபடியும் பார்த்தார். “மேல கேபின்ல இருந்து பாத்தா எனக்கும் கரை இப்படித்தான் தெரியும். ஆளு, மூஞ்சி ஒண்ணும் தெரியாது. எல்லாம் புள்ளி புள்ளியாத்தான்” என்றார். “இருபத்து நாலு வருஷமா இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“என்கிட்டயும் சொன்னதில்ல” என்றாள் அவள்.

இருவரும் ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் அவர் உட்கார்ந்து, பெட்டியை மடியில் நிறுத்தி, விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். எதிரில் ஒருவர் பையை மேலே தூக்கி வைக்க வந்தபோது தோளைக் கொடுத்து மறித்தார். ரயில் நகர்ந்தது. ஐஸ்வர்யா கையாட்டினாள், நான் அழுதுகொண்டே ஆட்டினேன், அண்ணாச்சியும் கையைத் தூக்கினார். விஜயராஜ் எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். அவருடைய இரண்டு கையும் பெட்டியில் இருந்தது.